எல்லாம் என்பதற்கான விளக்கக் குறிப்பு

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். அரும்பாவூர் சிந்தாமணிக்குச் சாமியே மெதுவாகத்தான் கொடுத்தது. இலவச விவசாய மின் இணைப்புக்கு அவள் பதிந்து வைத்தபோது மகளுக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. முறை வந்து கடிதம் கைக்குக் கிடைத்தபோது அந்த மகளின் மகளுக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் இருந்த காலம் முழுக்கக் கிணற்றுமேட்டில் ஒரு டீசல் என்ஜின் இருமிக்கொண்டே ஓடியது. இந்த வருடம் அதுவும் படுத்துவிட்டது. ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டுவிட்டு, பக்கத்து நிலத்துக்காரர் பிச்சைமுத்துவின் தயவில் கடன் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள்.

கடிதம் கேட்டது ஒன்றே ஒன்று. மாதக் கடைசிக்குள் கணினிப் பட்டா நகல் கொடுக்க வேண்டும், தவறினால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அங்கிருந்து மறுபடி முன்னால் வருவதற்குள் பேத்திக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

பஸ் ஏறிப் பெரம்பலூர் போனாள். அங்கே மாவட்ட நில ஆவண மின்மாற்று மையம் என்று ஓர் ஆபீஸ். நுழைந்தவுடன் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேடயம் மின்னியது. எல்லா ஆவணங்களையும் பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு ஒன்றுவிடாமல் மாற்றியதற்காகச் சென்னையில் கொடுத்தது. கேடயத்துக்கு ஒரு மின்விசிறி தனியாக ஓடியது. ஜனங்கள் காத்திருக்கும் பக்கம் ஓடவில்லை.

கவுண்டரில் ஆர்த்தி என்கிற பெண் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்க பேர்ல நெலமே இல்லீங்களே."

"காலைலதாம்மா அதுல களை எடுத்துட்டு வரேன்."

"களை எடுத்துருப்பீங்க. நெலம் இல்லீங்க."

அந்த நிலத்துக்காகச் சிந்தாமணி நடக்காத நடை இல்லை. புருஷன் போனபிறகு தனிப்பட்டாவுக்காகத் தாலுகா ஆபீஸ் படியைத் தேய்த்து, அளக்க வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, கல் நட்டு, ஒரு வில்லங்கமும் இல்லாமல் வாங்கிய பட்டா. அந்த ஊரிலேயே அவ்வளவு சுத்தமான பட்டா வேறு யாரிடமும் இல்லை.

வினையே அங்கேதான். தாலுகா ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பட்டாவை அளந்து பார்த்து, எல்லாம் சரி என்று தீர்ந்துவிட்டால், வருவாய் ஆய்வாளர் பெயருக்கு முன்னால் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். கணினியில் ஏற்ற வந்த பிள்ளைகள் கண்ணில் பட்டதை அப்படியே அடித்தார்கள், புள்ளி உட்பட. கணினிக்கு வேறு பழக்கம். பெயர் புள்ளியில் தொடங்கினால், அது தன் சொந்த வீட்டு விஷயம் என்று நினைத்துக்கொண்டு உள்ளேயே வைத்துக்கொள்ளும். நட்சத்திரக் குறி போட்டு 'எல்லாரும் வாங்க' என்று கூப்பிட்டாலும் அதை மட்டும் அனுப்பாது. ஆக, கோர்ட்டில் கிடக்கிற பட்டா வந்து சேர்ந்தது. செத்தவர் பெயரில் இருந்தது வந்து சேர்ந்தது. ஒரே நிலத்தை மூன்று பேருக்கு எழுதியது மூன்று முறை வந்து சேர்ந்தது. ஒரு குற்றமும் இல்லாதவை மட்டும் வரவில்லை. அரும்பாவூரில் அப்படி வராமல் போனவை இரண்டு. ஒன்று சிந்தாமணியின் ஒன்றரை ஏக்கர், இன்னொன்று சுடுகாடு.

"பழைய பெட்டில இருக்குதுங்க. எடுத்துப் போட்டா வந்துரும். ஆனா டிடி சார் சொல்லணும்" என்றாள் ஆர்த்தி.

டிடி சார் என்பவர் துணை இயக்குநர் அறிவரசன். மேசை மேல் ஒரு கையேடு வைத்திருந்தார். அதைத் தொடுவதற்கு முன் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, பக்கம் பதினொன்றைக் கேளுங்கள். 'நட்சத்திரக் குறியானது எல்லாக் கோப்புகளையும் குறிக்கும்.' நாங்கள் நட்சத்திரம் போட்டோம். ஆகவே எல்லாம் வந்துவிட்டது. உங்களுடையது வரவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது?"

"என்னுது மட்டும் விட்டுப்போச்சுன்னு தெரியுதுங்க."

"இல்லை. உங்களுடையது எல்லாவற்றில் ஒன்று அல்ல என்று தெரிகிறது."

"பழைய பெட்டில இருக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுதுங்களே. எடுத்துப் போட்டுட்டா ஆச்சு."

அறிவரசன் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். "எடுத்தால் என்ன ஆகும்? எல்லாம் வரவில்லை என்று ஆகும். எல்லாம் வந்துவிட்டது என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேடயத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? ஒன்றரை ஏக்கருக்காக ஒரு மாவட்டத்தின் சாதனையை நான் காவு கொடுக்க முடியுமா? ஒரே வழிதான் இருக்கிறது. முதலில் கையேட்டைத் திருத்துவோம். எல்லாம் என்பதற்கு ஒரு விளக்கக் குறிப்பு சேர்ப்போம். அதன்பிறகு உங்களை எடுத்தால், எல்லாம் வந்ததும் உண்மை, நீங்கள் வராததும் உண்மை."

ஊர் திரும்பியதும் பிச்சைமுத்து வரப்பில் நின்று வாயைக் கிளறினார். "என்னா சிந்தாமணி, ஒனக்கு நெலமே இல்லையாமே. அப்ப இது யாரு வூட்டு வெங்காயம்?"

"ஒங்க வூட்டுதுன்னு வச்சுக்கங்க. வந்து நாலு நாளு களை எடுங்க" என்றாள். வாய்தான் பேசியது. ராத்திரி சோறு இறங்கவில்லை.

விளக்கக் குறிப்புக்கு ஒரு குழு போட்டார்கள். கையேடு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் பொது என்பதால் அரியலூரிலிருந்து இராமலிங்கம் என்கிற அதிகாரி வந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வக்கீல் ஒருவர். பாதிக்கப்பட்டோர் சார்பில் சிந்தாமணி. ஆனால் கணினியில் இல்லாத ஆளை உறுப்பினராகச் சேர்க்க முடியாது என்பதால் அவளுக்கு நாற்காலி போட்டார்கள், போண்டா வைக்கவில்லை.

புள்ளி வைத்த கோப்புகளை என்னவென்று அழைப்பது என்பதிலேயே முதல் கூட்டம் போய்விட்டது. 'மறைந்த கோப்புகள்' என்றார் வக்கீல். அப்படியானால் மறைந்த சிந்தாமணி அவர்களின் நிலம் என்று எழுத வேண்டிவரும், அது பாவம் என்றார் தமிழாசிரியர். 'ஒளித்து வைக்கப்பட்டவை' என்றதும் அறிவரசன் எழுந்துவிட்டார். அரசாங்கம் எதையும் ஒளித்து வைப்பதில்லை, தேடுபவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை என்றார். கடைசியில் இராமலிங்கம் சொன்னது எல்லாருக்கும் பிடித்துப்போனது. 'தானாக முன்வராத கோப்புகள்.'

"அருமை" என்றார் அறிவரசன். "இதில் நம் தவறு எதுவும் இல்லை. நாம் கூப்பிட்டோம். அவை வரவில்லை."

அடுத்த வாரமே சிந்தாமணிக்கு ஒரு குறிப்பாணை வந்தது. பொது அழைப்பு விடுக்கப்பட்டும் தாங்கள் ஏன் தானாக முன்வரவில்லை என்பதற்கு எழுத்துப்பூர்வமான விளக்கம் தேவை. அவள் பதில் சொல்லச் சொல்லப் பேத்தி உட்கார்ந்து எழுதினாள். 'ஐயா, நான் எங்கேயும் ஒளியவில்லை. வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிட்டது காதில் விழவில்லை. இனிமேல் கூப்பிட்டால் வருகிறேன்.' இதைக் குழு படித்துவிட்டு, மனுதாரர் வருத்தம் தெரிவித்திருக்கிறார் என்று பதிவு செய்துகொண்டது.

விளக்கக் குறிப்பு ஒருவழியாகத் தயாரானது. தமிழாசிரியர் எழுந்து நின்று கணீரென்று வாசித்தார்.

"எல்லாம் என்பது, தன்னுள் அடங்காதவை நீங்கலாக, எல்லாவற்றையும் குறிக்கும். அடங்காதவை எவை என்பதை அறிய, எல்லாவற்றையும் பார்க்கவும். அடங்காதவற்றை வரவழைக்க, முதலில் புள்ளியும் அதன்பின் நட்சத்திரமும் இடுக."

கைதட்டினார்கள். சிந்தாமணியும் தட்டினாள். கடைசி வரி என்னவோ தன்னைப் பற்றியது என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது.

திருத்திய கையேட்டு வெளியீட்டு விழாவைத் தடபுடலாக வைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி, கூட்டத்தின் நடுவே அறிவரசனே கணினி முன்னால் உட்கார்ந்து, புள்ளி ஒன்று, நட்சத்திரம் ஒன்று என்று ஆர்த்தி சொல்லச் சொல்லத் தட்டினார். திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. ஓடின. போண்டா தீர்ந்த பிறகும் ஓடின. ஆர்த்திக்கு முகம் வெளுத்தது.

"சார், கீழப்பழுவூர் வருதுங்க."

"அது அரியலூர் ஆயிற்றே."

"ஜெயங்கொண்டமும் வருதுங்க சார்."

கணினியின் பழக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. அங்கே இருந்த ஒருவருக்கும் அது தெரியாது. ஒற்றைப் புள்ளி என்றால் அது நிற்கிற அறை. இரட்டைப் புள்ளி என்றால் அந்த அறைக்கு மேலே இருக்கிற பெரிய கூடம். புள்ளியில் தொடங்குகிற எல்லாரும் வாருங்கள் என்றதும், பெரிய கூடம் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பி வந்துவிட்டது. பெரம்பலூரும் அரியலூரும் அந்தக் கூடத்தில்தான் இரண்டு அறைகளாக இருந்தன. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது போல், ஒன்றரை ஏக்கரைத் தேடிப் போனவர்கள் கையில் ஒரு முழு மாவட்டம் வந்து நின்றது, சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள் வரைக்கும்.

அரியலூர் பெரம்பலூரோடு சேர்வதும் பிரிவதும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். ஆனால் அதற்கெல்லாம் அரசாணை இருந்தது. இந்த முறை போண்டாதான் இருந்தது.

இராமலிங்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எங்கள் மாவட்டத்தை எங்களைக் கேட்காமல் எடுத்திருக்கிறீர்கள்."

"நாங்கள் எடுக்கவில்லை. அது தானாக முன்வந்தது" என்றார் அறிவரசன்.

சிந்தாமணி மெதுவாகக் கை தூக்கினாள். "எம் பட்டா வந்துச்சுங்களா?"

"அம்மா, ஒரு மாவட்டமே வந்திருக்கிறது. உங்களுடையது வராமலா இருக்கும்? முதலில் மாவட்டத்தைத் திருப்பி அனுப்புவோம்."

அன்று மதியம் இரண்டு ஆணைகள் பிறந்தன. இராமலிங்கம் போட்ட ஆணை: புதிய கணினியில் இருப்பவை எல்லாம் பழையதிலும் இருப்பதால், புதியதில் உள்ள எல்லாவற்றையும் உடனே அழிக்கவும். அறிவரசன் போட்ட ஆணை: பழைய கணினியில் இருந்தவை எல்லாம் புதியதற்கு வந்துவிட்டதால், பழையதில் உள்ள எல்லாவற்றையும் உடனே அழிக்கவும். இரண்டும் ஆர்த்தியின் மேசைக்கு ஒரே நேரத்தில் வந்தன. இரண்டிலும் பச்சை மையில் கையெழுத்து இருந்தது.

"சார், ரெண்டு பக்கமும் அழிச்சா அப்பறம்..." என்று ஆர்த்தி இழுத்தாள்.

"உனக்கு ஒரு ஆணைக்குத்தான் கீழ்ப்படியத் தெரியுமா?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். விழா தொடங்கியதிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான்.

ஆர்த்தி இரண்டு கணினியிலும் நட்சத்திரம் போட்டு அழித்தாள். எல்லாம் போய்விட்டது. அதாவது விளக்கக் குறிப்பின்படி எல்லாம். அடங்காதவை மட்டும் அப்படியே இருந்தன. இரண்டு மாவட்டத்திலும் புள்ளி வைத்தவர்களைத் தவிர நிலம் என்று ஒருவருக்கும் இல்லை. அரும்பாவூரில் மிஞ்சியது சிந்தாமணியும் சுடுகாடும்.

அவள் பெயரைத் தட்டியதும் பட்டா சூடாக வெளியே வந்தது. சிந்தாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாங்கி, ஆர்த்தியின் தலையில் கை வைத்து, "நீ நல்லா இருக்கணும்மா" என்றாள். ஆர்த்தியும் அழுதாள், ஆனால் அது வேறு அழுகை.

பஸ்ஸில் சிந்தாமணிக்குத் தலைகால் புரியவில்லை. பிச்சைமுத்துவை வரப்பிலேயே பிடித்தாள். "அண்ணே, இனிமே என்னைக் கேட்டுட்டுத்தான் ஒங்க நெலத்துல கால் வைக்கணும். ஊர்ல நெலம் இருக்குறது எனக்கும் சுடுகாட்டுக்கும்தான்."

"சுடுகாடு எப்பவும் நமக்குப் பாத்தியதைதான" என்றார் அவர். விஷயம் முழுதாகக் காதில் விழுந்ததும் முகம் சுண்டிவிட்டது.

மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. மின்வாரிய இன்ஜினீயர் பட்டாவைப் பார்த்து, பேஷ் என்று சொல்லி, நேரிலேயே வந்துவிட்டார். ரோட்டிலிருந்து சிந்தாமணி கிணறு வரை கம்பி வர, பிச்சைமுத்து நிலத்தில் இரண்டு போஸ்ட் நட வேண்டும்.

"நெலத்துக்காரர் சம்மதக் கையெழுத்து வேணும்."

"இதா நிக்கிறாரே. போடுங்கண்ணே."

பிச்சைமுத்து பேனாவை வாங்கினார். இன்ஜினீயர் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இவரு யாருங்க? இந்தப் பக்கம் நெலமே காட்டலியே. ஒங்க நெலத்தைச் சுத்தி ஒண்ணுமே இல்லம்மா. ஒண்ணுமே இல்லாத எடத்துல போஸ்ட்ட எதுல நடுறது?"

"இந்த மண்ணுலதாங்க. குனிஞ்சு பாருங்க."

"மண்ணு இருக்குதும்மா. சொந்தக்காரர் இல்லியே. வேணும்னா சுடுகாட்டு வழியா இழுக்கலாம். ஆனா அதுக்கு அந்தாண்ட மறுபடி ஒண்ணும் இல்ல. மாசக் கடைசிக்குள்ள சம்மதம் வரலைன்னா ஒங்க முறை போயிரும், சொல்லிட்டேன்."

காகிதப் பதிவேடு இருக்குமே என்று கேட்காதீர்கள். கணினி வந்த அன்றே காகிதம் செல்லாது என்று அந்த மையம் சுற்றறிக்கை விட்டிருந்தது. பிச்சைமுத்து பெரம்பலூர் போய் மனு கொடுத்தார். வாங்க மறுத்துவிட்டார்கள். நிலம் காணாமல் போனதாக மனு கொடுக்க, மனுதாரர் பெயரில் நிலம் இருக்க வேண்டுமாம்.

வந்து வரப்பில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தபடி, "ஒன்னைக் கேலி பண்ணுனேன் பாரு" என்றார். சிந்தாமணிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெங்காயத் தாள் வேறு நுனி கருகத் தொடங்கியிருந்தது. தனக்குப் பட்டா வந்தால் போதும் என்று இருந்த மனசு, இப்போது ஊரில் ஒரு ஆள் விடாமல் வந்தால்தான் தனக்குக் கரண்ட் வரும் என்று கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"எந்திரிங்க. மனு நான் குடுக்கறேன். எனக்குத்தான் நெலம் இருக்குதே. ஆனா ஒத்தை ஆளாப் போவ மாட்டேன்" என்றாள்.

மாதக் கடைசி நாள் அரும்பாவூரில் ஒரு வேலையும் நடக்கவில்லை. டிராக்டர், லோடு ஆட்டோ, பஸ் என்று கிடைத்ததில் ஏறினார்கள். வழியில் பூலாம்பாடிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், அவர்களுக்கும் இதே கதைதான். மையத்தின் வாசல், படி, நடை, கேடயம் இருக்கிற கூடம் எல்லாம் ஆட்கள். குழந்தைகள் கேடயத்தின் மின்விசிறிக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்தன.

சிந்தாமணி உள்ளே போய் மனுவை நீட்டினாள். அறிவரசன் நிமிரவில்லை.

"யார் யார் வந்திருக்கிறீர்கள்?"

"எல்லாரும் வந்துருக்கோங்க."

"எல்லாரும் என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. கையேடு இருக்கிறது. ஆர்த்தி, நட்சத்திரம் போட்டுப் பார். யாராவது வந்திருக்கிறார்களா?"

ஆர்த்தி தட்டினாள். வெளியே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது, நாலு பேர் சேர்ந்து அதட்டினார்கள். திரை வெறுமையாக இருந்தது.

"ஒருத்தரும் வரலைங்க சார்."

"பார்த்தீர்களா" என்றார் அறிவரசன். மனுவின் மேல், 'அழைத்துப் பார்க்கப்பட்டது. எவரும் வரவில்லை. முடிக்கப்பட்டது' என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணி பார்த்தார். சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. டிபன் கேரியரைத் தேடினார், அது காரில் இருந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

கால் வைக்க இடம் இல்லை. படியிலிருந்து கேட் வரைக்கும், கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் தலைகள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிச்சைமுத்து அண்ணாந்து பார்த்தார், நகரவில்லை.

"கொஞ்சம் வழி விடுங்கள்" என்றார் அறிவரசன்.

"யாருகிட்டங்க சார் கேக்கறீங்க?" என்றாள் பின்னால் நின்ற சிந்தாமணி. "அதான் ஒருத்தரும் வரலைன்னு எழுதிட்டீங்களே. போங்க, தாராளமாப் போங்க."